ஒன்று குறைகிறது

நம் பள்ளித் தோழிகளின் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒருத்தி எழுதியிருந்தாள்: “நம்ம கிளாஸ்ல இவதான் கணக்குப் புலி. எதைப் பாத்தாலும் எண்ணீட்டே இருப்பா, ஞாபகம் இருக்கா?” உடனே ஏழெட்டுப் பேர் கைதட்டும் பொம்மை போட்டீர்கள். நானும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு போனைக் கீழே வைத்தேன். ஆனால் அன்று முழுக்க மனசு ஒரு நிலையில் இல்லை.

நான் கணக்குப் புலி இல்லை, தோழிகளே. வகுத்தல் கணக்கு இன்றைக்கும் எனக்குத் தகராறுதான். ஆனால் எண்ணினேன், அது உண்மை. இப்போதும் கல்யாணத்துக்கு வேனில் கிளம்பினால் தலைகளை எண்ணாமல் கதவைச் சாத்த விடமாட்டேன். “ஏனுங்க அத்தை, நாங்க என்ன ஆட்டுக்குட்டீங்களா?” என்று மருமகள் சிரிப்பாள். நானும் சேர்ந்து சிரிப்பேன். சிரித்துக்கொண்டே இன்னொரு தரம் எண்ணுவேன்.

அறுபதைத் தாண்டிவிட்டோம். இனி இதைச் சொல்வதில் என்ன இருக்கிறது? கொஞ்சம் நீளமாக இருக்கும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படியுங்கள்.

அப்போது எங்கள் வீடு துடியலூரில், மேட்டுப்பாளையம் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு சந்தில் இருந்தது. அப்பா பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்த்தார். சைக்கிளில் போவார், சைக்கிளில் வருவார். அவர் சட்டையில் ஆயிலும் இரும்புத்தூளும் கலந்த ஒரு வாசம் எப்போதும் இருக்கும். அம்மா எவ்வளவு துவைத்தும் அது போனதில்லை.

நான் ஒன்றாம் வகுப்பு படிக்கும்போது தம்பி பிறந்தான். அம்மாவின் பழைய மஞ்சள் சேலையில் தொட்டில் கட்டினார்கள். பள்ளிக்கூடம் விட்டதும் ஓடி வந்து அந்தச் சேலையை விலக்கிப் பார்ப்பதுதான் என் முதல் வேலை. உள்ளே வசம்பு வாசமும் பால் வாசமுமாக இருக்கும். அவன் என் விரலைப் பிடித்தால் விடமாட்டான். நான் மெல்ல ஒவ்வொன்றாக அவன் விரல்களைப் பிரித்து எடுக்க வேண்டும்.

ஒருநாள் மதியம் பக்கத்து வீட்டு அக்கா பள்ளிக்கூடத்துக்கே வந்து என்னைக் கூட்டிப்போனார். எங்கள் வீட்டுக்கு அல்ல, அவர் வீட்டுக்கு. கை நிறையக் கடலை மிட்டாய் கொடுத்தார். கேட்காமலே இன்னொரு கை கொடுத்தார். விளக்கு வைக்கும் நேரத்தில்தான் வீட்டுக்கு விட்டார். வாசலில் நிறையச் செருப்புகள் கிடந்தன. உள்ளே சொந்தக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். தொட்டில் இருந்த இடத்தில் கயிறு மட்டும் தொங்கியது.

அப்பா என் முன்னால் குந்தி உட்கார்ந்தார்.

“தம்பிய அத்தை தொண்டாமுத்தூருக்குக் கூட்டீட்டுப் போயிட்டாங்க கண்ணு. அம்மாவுக்கு ஒடம்பு செரியில்லீல்ல? அங்க தோட்டம், மாடு எல்லாம் இருக்குது. நல்ல பால் கெடைக்கும். பெரிசானதும் வந்துருவான்.”

“கிலுகிலுப்பைய உட்டுட்டுப் போயிட்டாங்களேப்பா?”

அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். நான் போய் அந்தக் கிலுகிலுப்பையை எடுத்து என் பாவாடைப் பெட்டிக்குள் வைத்தேன். பச்சை பிளாஸ்டிக், ஒரு பக்கம் விரிசல். ஆட்டினால் உள்ளே கடுகு உருள்வதுபோல் சத்தம் வரும்.

நான் பள்ளிக்கூடத்தில் இருக்கும்போது வீட்டில் இருந்த ஒருவர் இல்லாமல் போய்விட முடியும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. மறுநாள் காலையில் கிளம்பும்போது வாசலில் இருந்த செருப்புகளை எண்ணினேன். சாயங்காலம் வந்து மறுபடி எண்ணினேன். சரியாக இருந்தது. பெருமூச்சு வந்தது. அடுத்த நாள் சாப்பிடும் வட்டல்களையும் சேர்த்துக்கொண்டேன். பிறகு தம்ளர்கள், கொடியில் காயும் துணிகள், கோழிகள். ஒருமுறை ஒரு கோழி கூடையடியில் அடைக்கு உட்கார்ந்துவிட்டது. யாருக்கும் தெரியாது. ஒன்று குறைகிறது, ஒன்று குறைகிறது என்று எனக்கு மட்டும் நெஞ்சு அடித்துக்கொண்டே இருந்தது. அன்று சோறு இறங்கவில்லை. வயிற்று வலி என்று ஓமத் தண்ணீர் கொடுத்தார்கள்.

பள்ளிக்கூடத்தில் ஜன்னல் கம்பி, ஓடு, உங்கள் எல்லாருடைய ஜடை ரிப்பன் என்று எண்ணினேனே, அதற்குக் காரணம் வேறு. நான் எண்ணிக்கொண்டிருக்கிறவரைக்கும் வீட்டில் ஒன்றும் நடக்காது என்று நானாகவே முடிவு செய்து வைத்திருந்தேன். நடுவில் டீச்சர் கேள்வி கேட்டு எண்ணிக்கை தவறிவிட்டால் உடம்பெல்லாம் வேர்த்துவிடும். மதியம் மணி அடித்ததும் வீட்டுக்கு ஓடுவேன். அம்மா அடுப்படியில் இருப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பி ஓடி வருவேன். “பசிக்குதா அம்மணி?” என்று கேட்பாள். “இல்லீங்கம்மா, சும்மா” என்பேன்.

இதை அப்பா புத்திசாலித்தனம் என்று நினைத்துக்கொண்டார். பட்டறையில் கழித்துப்போட்ட நட்டும் போல்ட்டுமாக ஒரு பிஸ்கட் டின் நிறையக் கொண்டுவந்து கொடுத்தார். விருந்து, ஒறம்பரை என்று யாராவது வந்தால் டின்னைக் கவிழ்த்து, “எங்க புள்ள எத்தனைன்னு ஒரு நிமிசத்துல சொல்லிப்போடும் பாருங்க” என்பார். வந்தவர்கள், “பேங்க் ஆபீசராகுங்க இது” என்று வாழ்த்துவார்கள். எனக்கோ அந்த ஆயில் வாசம் பிடிக்கும். அதற்காகவே எண்ணுவேன். அந்த டின் எந்த வீடு மாறும்போது போனதென்று தெரியவில்லை. அந்த வாசனை எங்காவது மெக்கானிக் கடை வாசலில் அடித்தால் இன்றும் நின்றுவிடுகிறேன்.

அம்மாவுக்கு மட்டும் நான் எண்ணுவது ஆகவே ஆகாது. ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தபோது ஒன்று, இரண்டு என்று ஆட்களை விரல் நீட்டி எண்ணினேன். அம்மா கரண்டியாலேயே என் கையில் ஒன்று வைத்தாள்.

“ஆள எண்ணக்கூடாது! எண்ணுனா கொறஞ்சு போயிரும்னு உனக்கு எத்தனவாட்டி சொல்றது?”

அவள் அதுவரை என்னை அடித்ததே இல்லை. அப்பா கூட அம்மாவைப் பார்த்து, “ஏன் இப்படிப் பண்றே?” என்று சத்தம் போட்டார். அம்மாவுக்குக் கோபக்குணம் வந்துவிட்டதாகச் சொந்தத்தில் எல்லாரும் பேசிக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன். என் எண்ணிக்கை மூன்றில் நின்றுவிடும் என்பதும், அந்த மூன்று அவள் காதில் எப்படி விழுந்திருக்கும் என்பதும் நானே பிள்ளை பெற்ற பிறகுதான் எனக்கு விளங்கியது.

அன்றிலிருந்து என் கஷ்டம் இரட்டையாகிவிட்டது. எண்ணாவிட்டால் யாராவது காணாமல் போவார்கள். எண்ணினால் குறைந்து போவார்கள். கடைசியில் வாயைத் திறக்காமல், நாக்கு நுனியால் பல்லை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணப் பழகினேன். அது யாருக்கும் தெரியாது.

இரண்டாம் வகுப்பு முடிந்து கோடை லீவு விட்டபோது அம்மா மறுபடி நிறைமாசமாக இருந்தாள். தொண்டாமுத்தூரிலிருந்து அத்தையின் வீட்டுக்காரர், எங்கள் மாமா, என்னை அழைத்துப்போக வந்தார். பிரசவம் முடிகிறவரை நான் அங்கே இருக்க வேண்டுமாம். எனக்குப் பயமும் சந்தோஷமும் ஒன்றாக வந்தன. தம்பியும் இப்படித்தான் போனான், போனவன் வரவில்லை. ஆனால் அங்கே போனால் அவனைப் பார்க்கலாம்.

அம்மா என் பையில் துணி அடுக்கினாள். அடியில் நான் ஒளித்து வைத்திருந்த கிலுகிலுப்பை அவள் கையில் பட்டது. எடுத்தாள். என்னைப் பார்த்தாள். ஏதோ சொல்லப் போகிறாள் என்று நான் நின்றேன். வாசலில் அப்பாவும் மாமாவும் பேசிக்கொண்டிருந்தார்கள். அம்மா அதைத் திரும்பப் பைக்குள் வைத்து, மேலே என் பாவாடையை மடித்துப் போட்டு மூடினாள். அவ்வளவுதான்.

காந்திபுரத்தில் பஸ் மாறி, தொண்டாமுத்தூரில் இறங்கி, வாய்க்கால் மேட்டோடு நடந்து போனோம். மேற்கே மலை இவ்வளவு கிட்டத்தில் இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. அத்தை வாசலுக்கே வந்து தூக்கிக்கொண்டாள். “என்ன கண்ணு இப்படி எளைச்சுப் போயிட்டே?” அவள் தோளுக்கு மேலாக நான் வீட்டுக்குள்ளே எட்டிப் பார்த்தேன். மீசை முளைக்கத் தொடங்கிய இரண்டு அத்தை மகன்கள் இருந்தார்கள். வேறு யாரும் இல்லை.

ராத்திரிச் சோற்றுக்கு ஐந்து வட்டல் வைத்தார்கள். அத்தை, மாமா, பையன்கள் இருவர், நான். நாக்கால் இரண்டு தரம் எண்ணிப் பார்த்தேன். மறுநாள் கட்டிலுக்கு அடியில், நெல்மூட்டை அறையில், மாட்டுக் கொட்டகையில் எல்லாம் தேடினேன். அத்தை மகன்கள் நான் கண்ணாமூச்சி ஆடுவதாக நினைத்துக் கேலி செய்தார்கள். நேராகக் கேட்டுவிடப் பயமாக இருந்தது. என்ன பதில் வருமோ என்றுதான். கடைசியில் அத்தை அரிசி புடைக்கும்போது போய் உட்கார்ந்தேன்.

“ஏனுங்கத்தை, இங்க சின்னப் பையன் ஒருத்தன் இருக்கறானுங்களா?”

“வெளையாட ஆள் வேணுமா கண்ணு? நம்ம தோட்டத்துல தக்காளி பறிக்கற புள்ளைக்கு ஒரு பையன் இருக்கறான். ஆனா அது தொட்டல்ல கெடக்கற வயசு. உன்ற கூட எங்க ஓடியாடப் போகுது?”

அவன்தான். வேறு யாராக இருக்க முடியும்?

அன்று பொழுது சாயும் நேரத்தில் மலைப்பக்கமிருந்து கூச்சல் கேட்டது. யானை இறங்கியிருந்தது. தகரத்தைத் தட்டினார்கள், வெடி போட்டார்கள். அத்தை வாசலில் நின்று, “எல்லாரும் ஊட்டுக்குள்ள வந்தாச்சா?” என்று கத்திவிட்டுக் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். எல்லாரும் வரவில்லை என்பது எனக்கு மட்டும்தான் தெரிந்தது. தம்பி தோட்டத்தில் இருக்கிறான். தக்காளி பறிக்கிறவர்களோடு விட்டுவிட்டு இவர்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அத்தை போட்ட தாழைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

காலையில் பெரியவர்கள் எல்லாரும் முறிந்த வாழைகளைப் பார்க்கப் போனார்கள். நான் கிலுகிலுப்பையை எடுத்துக்கொண்டு தக்காளிக் காட்டுக்குப் போனேன். வேலியோரத்து வேப்பமரக் கிளையில் ஒரு சேலைத் தொட்டில் தொங்கியது. சற்று தூரத்தில் பெண்கள் குனிந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். நான் சேலையை விலக்கினேன். அவன் முழித்துக்கொண்டிருந்தான். நன்றாக வளர்ந்திருந்தான். இரண்டு பல் இருந்தது. நெற்றியில் பெரிய மைப்பொட்டு. கிலுகிலுப்பையை ஆட்டினேன். சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டான். பிறகு என் விரலைப் பிடித்தான். விடவில்லை.

தூக்கினேன். கனமாக இருந்தான். ரோட்டுக்குப் போனால் பஸ் வரும், காந்திபுரத்தில் இறங்கி மாறினால் துடியலூர். அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம். அதற்குமேல் நான் எதையும் யோசிக்கவில்லை. வாழைக்குள் புகுந்து இடுப்பில் அவனை ஏற்றிக்கொண்டு நடந்தேன். பாதி தூரம் போயிருப்பேன். பின்னால் ஒரு பெண் அலறினாள்.

“அய்யோ, என்ற புள்ளையக் காணமே!”

ஆட்கள் ஓடும் சத்தம் கேட்டது. யாரோ தகரத்தைத் தட்டினார்கள். யானை திரும்பி வந்துவிட்டது என்று நினைத்தேன். எதிரே கிணற்றை ஒட்டி மோட்டார் ரூம் இருந்தது. உள்ளே போய்க் கதவை ஒருக்களித்துச் சாத்திக்கொண்டு மூலையில் உட்கார்ந்தேன். இருட்டு. அப்பாவின் சட்டை வாசம் அடித்தது. தம்பியின் வாயை என் தோளில் அழுத்திக்கொண்டு, சுவரில் இருந்த செங்கல்களை நாக்கால் எண்ணத் தொடங்கினேன். எண்ணிக்கொண்டிருக்கிறவரைக்கும் ஒன்றும் ஆகாது.

கதவிடுக்கில் பார்த்தால் எல்லாரும் கிணற்றைச் சுற்றி நின்று கீழே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தக்காளி பறிக்கிற அக்கா மண்ணில் விழுந்து புரண்டாள். இரண்டு பேர் அவளைப் பிடித்திருந்தார்கள். ஒருவர் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். அவர்கள் எதைத் தேடுகிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை, தோழிகளே. சத்தியமாகப் புரியவில்லை. யாரோ கிணற்றுக்குள் விழுந்துவிட்டார்கள் போலிருக்கிறது, பாவம் என்றுதான் நினைத்தேன்.

அப்போது குழந்தை வீரிட்டு அழுதான்.

மாமாதான் கதவைத் தள்ளித் திறந்தார். அவருக்குப் பின்னாலிருந்து அந்த அக்கா பாய்ந்து வந்து குழந்தையைப் பிடுங்கிக்கொண்டாள். அப்படியே தரையில் உட்கார்ந்து அவன் கை, கால், முதுகு என்று தடவிக்கொண்டே இருந்தாள். அவள் கையிலிருந்த தக்காளிச் செடியின் கறை அவன் உடம்பெல்லாம் பச்சையாக ஒட்டியது.

மாமா அவளைத்தான் திட்டினார். “புள்ளைய மரத்துல தொங்க உட்டுப்போட்டு அக்கட்டால போயிட்டா எவன் பாத்துக்குவான்? உனக்கெல்லாம் அறிவிருக்குதா?” அவள் அவருடைய தக்காளியைத்தான் பறித்துக்கொண்டிருந்தாள். அதை அன்று அங்கே யாரும் சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை.

அத்தை என்னைப் பிடித்து உலுக்கினாள். “ஏன் கண்ணு எடுத்துட்டு வந்தே? சொல்லு!”

“இது என்ற தம்பிங்க. அம்மாகிட்டக் கூட்டீட்டுப் போறனுங்க.”

“உன்ற தம்பியா?”

“நீங்கதான கூட்டீட்டு வந்தீங்க? அப்பா சொன்னாங்க. இங்க நல்ல பால் கெடைக்கும், பெரிசானதும் வந்துருவான்னு. நேத்து யானை வந்தப்ப நீங்க அவன உட்டுட்டுக் கதவச் சாத்தீட்டீங்க...”

அதற்குமேல் எனக்கு அழுகை வந்துவிட்டது. மாமா தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். அத்தை என் தோளிலிருந்து கையை எடுத்து, கிணற்று மேட்டில் உட்கார்ந்தாள். ஏதோ பேச வாயெடுத்து மாமாவைப் பார்த்தாள். மாமா, “இப்ப வேண்டாம்” என்பதுபோல் தலையாட்டினார்.

அந்த அக்கா குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே பேசினாள்.

“சொல்லிப்போடுங்கம்மா. சொல்லாம உட்டா இந்தப் புள்ள இன்னும் எத்தன ஊட்டுத் தொட்டல்ல போய்த் தேடும்?”

அத்தை என்னை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“தம்பி இங்க வரவே இல்ல கண்ணு. அவன் செத்துப் போயிட்டான். காச்சல் வந்துச்சு. ஆஸ்பத்திரிக்கு எடுத்துட்டுப் போனாங்க. காப்பாத்த முடியல.”

நான் அத்தையின் மடியிலிருந்து நிமிர்ந்து அவளைப் பார்த்தேன். பிறகு கேட்டேன்.

“அம்மாவுக்குத் தெரியுங்களா?”

அத்தை வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதாள். அம்மாவும் என்னைப்போல் அவன் தொண்டாமுத்தூரில் இருக்கிறான் என்று நம்பிக்கொண்டிருப்பாளோ, அவளிடம் இதை யார் சொல்வது என்பதே அன்று முழுக்க எனக்குக் கவலையாக இருந்தது.

அந்தக் கவலை போவதற்குள் அடுத்தது வந்தது. நாலைந்து நாள் கழித்து டவுனிலிருந்து ஒருவர் வந்து, “பொம்பளப் புள்ள பொறந்திருக்குதுங்க. தாயும் புள்ளையும் நல்லா இருக்கறாங்க” என்றார். அத்தை சர்க்கரை எடுத்து வந்து என் வாயில் போட்டாள். நான் துப்பிவிட்டேன்.

“நீங்க பாத்தீங்களா?” என்று வந்தவரிடம் கேட்டேன்.

“நான் பாக்கல கண்ணு. உங்கப்பாதான் சொல்லி உட்டாரு.”

அப்பா சொன்னார் என்றதும் போய் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டேன். அப்பா தம்பியைப் பற்றியும்தான் சொன்னார். நான் சாப்பிடவில்லை. பல் தேய்க்கவில்லை. வாசற்படியை விட்டு எழுந்திருக்கவில்லை. மாமா மிரட்டிப் பார்த்தார், கடைக்குப் போகலாம் என்று ஆசை காட்டினார். கடைசியில் அத்தைதான், “புள்ளைய இன்னொருக்கா ஏமாத்த என்னால முடியாதுங்க. வாங்க, கூட்டீட்டுப் போயிரலாம்” என்று சேலை மாற்றிக்கொண்டு கிளம்பினாள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அப்பா நின்றிருந்தார். என்னைக் கண்டதும் சிரித்துக்கொண்டு வந்தார். அத்தை அவரைக் குழாயடிப் பக்கம் கூட்டிப்போனாள். அவள் பேசுவது எனக்குக் கேட்கவில்லை. அப்பாவின் கை மட்டும் சுவரை மேலும் கீழுமாகத் தேய்த்துக்கொண்டே இருந்தது. திரும்பி வந்தபோது அவர் விரலெல்லாம் சுண்ணாம்பு. என் தலையைத் தொட வந்தவர், தொடாமல், “உள்ளே போ கண்ணு” என்றார்.

அம்மா இருந்தாள். உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் துணிக்குள் தங்கச்சி சுருண்டு கிடந்தாள். நான் ஓடிப் போய் அம்மாவின் வயிற்றில் முகத்தை வைத்து அழுத்தினேன். அவள் ‘ஸ்ஸ்’ என்று வலியில் முனகினாள், ஆனால் தள்ளவில்லை. எதற்கு இப்படி அழுகிறேன் என்று அவள் கேட்கவே இல்லை.

அடுத்த கட்டிலில் புளியம்பட்டிப் பக்கத்து அம்மா ஒருவர் இருந்தார். தலைச்சன் பிரசவத்துக்கு வந்த மகளுக்குத் துணையாக வந்தவர், பொழுதுபோகாமல் எல்லாரிடமும் பேசுகிறவர்.

“இது பெரிய புள்ளைங்களா? அப்ப உங்களுக்கு மொத்தம் எத்தனைங்க?”

ஃபிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு காப்பி வாங்கக் கிளம்பிக்கொண்டிருந்த அப்பா, “ரெண்டுங்க, ரெண்டும் பொண்ணுங்க” என்றார்.

“மூணுங்க” என்றாள் அம்மா.

அப்பா நின்றார்.

“பெத்தது மூணுங்க. நடுவுல ஒரு பையன். அறுபது நாள் கூட இல்லீங்க அவன்” என்று அம்மா அந்தப் புளியம்பட்டிக்காரரிடம் சொன்னாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. “தல நெறைய முடிங்க அவனுக்கு. பொறந்தப்பவே காது மறைக்கும். பால் குடிச்சா ஒருபக்கமாத்தான் குடிப்பான், அந்தப் பக்கம் திருப்புனா ஒரே கத்து. இவ பள்ளிக்கூடம் உட்டு வர்ற சத்தம் கேட்டா மட்டும் அழுகைய நிறுத்தீருவானுங்க.”

கடைசியாகச் சொன்னது எனக்குத் தெரியாது. யாரும் என்னிடம் சொன்னதில்லை.

அந்த அம்மா, “அப்பிடீங்களா?” என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டு எங்கள் கட்டில் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார். அம்மா பேசிக்கொண்டே இருந்தாள். ஒன்றரை வருஷமாக அவள் வாயில் வராத பேச்சு. எங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாரும் அவளிடம் அதைக் கேட்டதில்லை. கேட்டால் தாங்கமாட்டாள் என்று நினைத்தார்கள். நான் அவள் இடுப்பை விடாமல் பிடித்துக்கொண்டு கேட்டேன். பக்கத்தில் தங்கச்சி தூங்கினாள்.

காப்பி வாங்கப் போன அப்பா எப்போது திரும்பினார் என்று தெரியவில்லை. நான் நிமிர்ந்து பார்த்தபோது ஃபிளாஸ்க்கோடு வார்டு வாசலில் நின்றிருந்தார். வழி விடச் சொல்லி ஆட்கள் அவரை இடித்துக்கொண்டு போனார்கள். சுவரோடு ஒதுங்கி நின்றாரே தவிர, அம்மா பேசி முடிக்கிறவரை அவர் உள்ளே வரவில்லை.